எட்டு மணிக்கொண்ணு

ஜூன் 5, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. தொண்டை வலி, காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு சட்டைக்குக் காஜாவைப் பெரிதாக வெட்டிவிட்டேன். "இதுல பொத்தானை நுழைக்கணுமா, தலையை நுழைக்கணுமா?" என்று தையற்கடை மாஸ்டர் கேட்டார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் குனிந்துகொண்டே சிரித்தேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. பயப்படாதே, முடிந்துவிட்டது. பட்டறையில் கதவு ஒன்றைப் பற்றவைக்கும்போது தகடு சரிந்து அப்பாவின் காலில் கிழித்துவிட்டது. அவர் வழக்கம்போல அழுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். நான்காம் நாள் கால் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. நான் அழுத பிறகுதான் டாக்டரிடம் வந்தார். டாக்டர் சீழை எடுத்துக் கட்டுப் போட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடையில் என் பின்னால் பத்துப் பேர். கடைக்காரர் அட்டைகளை உறையில் போட்டு, "எட்டு மணிக்கொண்ணு, சாப்பிட்டுப் போடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பின்னால் இருந்தவர் என் தோளுக்கு மேல் சீட்டை நீட்டிவிட்டார். என்னைப் பற்றி உனக்குத் தெரியுமே. வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து காலையில் எட்டு அடித்ததும் மாத்திரையும் தண்ணீருமாக அப்பா முன்னால் போய் நிற்பேன். ஒரு நாளும் தவறவிடவில்லை. ஐந்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. "போதும், வயித்தைப் புரட்டுது" என்று சொல்லிவிட்டு நேற்று பட்டறைக்கும் போய்விட்டார். இருபத்தொன்றில் இன்னும் பதினாறு இருக்கிறது. டாக்டருக்குத் தாராளமான கை.

அந்தப் பதினாறையும் உனக்கு அனுப்புகிறேன். சட்டைத் துணி மாதிரிகளுக்கு நடுவில் வைத்துத் தைத்திருக்கிறேன். தையலைப் பிரித்தால் அட்டை வரும். எட்டு மணிக்கு ஒன்று போடு. உங்கள் ஆலை விடுதியில் திங்களும் சனியும்தான் கடிதம் கொடுப்பார்கள் என்பதால் இன்றே தபாலில் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் உன் போனைக் கையில் கொடுக்கும்போது அப்பாவோடு பேசு. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். போனைக் காதில் வைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுதினால்தான் வார்த்தை வருகிறது.

உன் தங்கை


ஜூன் 10, செவ்வாய்

அக்கா,

அந்த மாத்திரையை விழுங்காதே. விழுங்க ஆரம்பித்திருந்தால் உடனே டாக்டரைப் பார்த்து, என்ன விழுங்கினாய் என்று சொல்லிவிடு. மறைக்காதே.

அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் சிரித்துப் பேசினாரே, அப்போதே அவருக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வேட்டியை விலக்கிக் காட்டினார். முழங்கால் வரை சிவந்து, பளபளவென்று, தொட்டால் அடுப்பைத் தொட்ட மாதிரி இருந்தது. மாஸ்டர்தான் வண்டி பிடித்துக் கொடுத்தார்.

வார்டில் நர்ஸம்மா பழைய சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். மாத்திரை எத்தனை முடிந்தது என்று கேட்டார். ஐந்து என்று விரலைக் காட்டினேன்.

"எத்தனை நாள்ல?"

அதற்கும் அதே ஐந்து விரலைக் காட்டினேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "யாரும்மா உனக்கு இப்படிக் குடுக்கச் சொன்னது?" என்றுதான் கேட்டார். எட்டு மணிக்கொண்ணு என்று கடையில் சொன்னார்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னேன்.

"எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணும்மா. ஒரு நாளைக்கு மூணு. நீ காலையில எட்டு மணிக்கு மட்டும் குடுத்தியா?"

அக்கா, அந்த வார்த்தையை நேற்றிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எட்டு மணிக்கொண்ணு. எப்படிச் சொன்னாலும் இரண்டும் அதற்குள் இருக்கிறது. என் காதில் ஒன்றுதான் விழுந்தது. மருந்து உறையின் பின்பக்கம் ஒன்று, கோடு, ஒன்று, கோடு, ஒன்று என்று பேனாவால் எழுதியிருந்தது. காலை, மதியம், இரவு என்று அர்த்தமாம். நான் அதைக் கடைக்காரர்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஏதோ அடையாளம் என்று நினைத்தேன்.

அரைகுறையாக மருந்து கொடுத்தால் கிருமி சாகாதாம். கொஞ்சம் மயங்கிக் கிடந்து, அந்த மருந்துக்கே பழகி எழுந்து வருமாம். வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்தவும் கூடாதாம், எழுதியதை எழுதிய நாள் வரை முடிக்க வேண்டுமாம். நான் தவறாமல் செய்தது தவறை.

மீதி எங்கே என்று கேட்டார். அக்காவுக்குத் தொண்டை வலி, அனுப்பிவிட்டேன் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. பெரும்பாலும் தொண்டை வலிக்கு இந்த மாத்திரையே வேண்டாம், அது தானாகப் போகும் என்றார். அடுத்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தர் தொடக் கூடாது. சிலர் உடம்பு இதை ஏத்துக்காது. முதல் தடவை தடிப்பும் வீக்கமுமா விட்டுடும். அடுத்த தடவை மூச்சை அடைச்சிடும்."

இந்தக் கடிதம் உன் கைக்குச் சனிக்கிழமைதான் வரும் என்று தெரியும். உங்கள் விடுதி உறையில் வார்டன் போன் எண் அச்சடித்திருக்கிறது. இன்று மூன்று முறை அதைப் போட்டேன். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்ததும் வைத்துவிட்டேன். வார்டனிடம் சொன்னால் நீ மாட்டிக்கொள்வாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. பயம்தான்.

அப்பாவிடம் என் தவறை இன்னும் சொல்லவில்லை. ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே, "நீ வேளை தவறாம குடுத்தும் இப்படி ஆயிடுச்சே" என்று என் தலையைத் தடவுகிறார்.

தங்கை


ஜூன் 10, செவ்வாய்

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

உன் பொட்டலம் நேற்று வந்தது. கொடுப்பதற்கு முன் வார்டன் உறையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். "என்ன இது தலையணை மாதிரி இருக்கு?" என்றார். தங்கச்சி தையற்கடையில் இருக்கிறாள், துணி மாதிரி அனுப்பியிருக்கிறாள் என்று ஒரே போடாகப் போட்டேன். உன் தையல் பிரமாதம், பிரிக்கத்தான் பல் வலித்தது.

என் தொண்டை அதற்குள் தானாகவே சரியாகிவிட்டது. ஆனால் பக்கத்துக் கட்டில் சுருட்டைக்கு வந்துவிட்டது. அவளைப் பற்றி எழுதியிருக்கிறேனே, தலைமுடிக்குள் சீப்பை விட்டால் சீப்பு காணாமல் போகும், காலுறை ஜோடி சேர்ப்பதில் எங்கள் பிரிவிலேயே அவள்தான் முதல். அவளுக்கு என்னைவிட மோசம். தொண்டைக்குள் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. அதனால் நேற்று ஷிப்டு முடிந்து வந்ததும் உன் மாத்திரையில் ஒன்று கொடுத்தேன். நீ காலையா சாயங்காலமா என்று எழுதவில்லை. எட்டு மணி என்றால் எட்டு மணிதானே.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கையைச் சொறிந்தாள், கழுத்தைச் சொறிந்தாள். பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் தடித்தது. உதடு இரண்டும் வீங்கி, கண் மூடிக்கொண்டது. என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவள், அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கத்திக்கொண்டு ஓடினேன். விடுதி நர்ஸ் வந்து ஊசி போட்டார். "என்ன சாப்பிட்டே?" என்று அவளைக் கேட்டார். நான் போர்வைக்குள் அவள் கையை அழுத்திப் பிடித்தேன். ஒன்றும் இல்லை, ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

இன்று வீக்கம் வடிந்துவிட்டது. தொண்டைதான் அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆலை டாக்டர் வருவார். நல்ல ஆன்டிபயாடிக்காக எழுதச் சொல்கிறேன் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

வெளி மருந்து வைத்திருந்தால் அன்றே பெட்டியோடு வெளியே அனுப்புவார்கள், அது இங்கே சட்டம். மீதிப் பதினைந்தையும் தலையணைக்குள் தைத்து வைத்திருக்கிறேன். நீ யாரிடமும் மூச்சு விடாதே. உன்னிடம் போய் இதைச் சொல்கிறேன் பார், சுவரைப் பார்த்து வாயை மூடு என்கிற மாதிரி.

அப்பாவின் காலைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 12, வியாழன்

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தது. மாஸ்டர் கொண்டுவந்து கொடுத்தார். நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து திரும்பப் படித்தேன்.

பூச்சி இல்லை அக்கா. என் மாத்திரைதான். முதல் தடவை இப்படித்தான் இருக்கும் என்று நர்ஸம்மா சொன்னார், நான் உனக்கு எழுதினேன், அந்தக் கடிதம் இன்னும் உன் கையில் இல்லை. டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை என்றால் அவர் நாளைக்கு அதையே எழுதலாம். எழுதினால் அவள் விழுங்குவாள். அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான்

இதை நான் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்? இன்றே தபாலில் போட்டாலும் உனக்குச் சனிக்கிழமைக்கு முன்னால் வராது. எழுதி ஒரு பயனும் இல்லை. எழுந்து போகிறேன்.


ஜூன் 14, சனி

வாயாடிக்கு,

இனிமேல் உன்னை ஊமைக்கோட்டான் என்று யார் சொல்வது?

உன்னைக் கொன்றுபோட்டால் என்ன என்று இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று பத்து மணிக்குக் காலுறை மேசையிலிருந்து என்னைக் கூட்டிப்போனார்கள். வார்டன் அறை. மேசை மேல் என் தலையணை, தையல் பிரிந்து, பஞ்சு வெளியே. பக்கத்தில் உன் மாத்திரை அட்டைகள். நாற்காலியில் டாக்டர். முக்காலியில் சுருட்டை. யார் காட்டிக் கொடுத்தது என்று சுருட்டையைத்தான் முறைத்தேன். பாவம், அவள் என்னைவிட விழித்துக்கொண்டிருந்தாள்.

வார்டன் சொன்னார். "நேத்து ஒரு பொண்ணு போன் பண்ணா. முதல்ல வெறும் மூச்சு சத்தம்தான். எவனோ விளையாடுறான்னு வைக்கப் போனேன். அப்புறம் ஒரே மூச்சுல ஒரு மருந்து பேரு, உன் பேரு, கட்டில் நம்பர். 'பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு அதை மட்டும் குடுத்துடாதீங்க'ன்னா. பேரை எழுத்து எழுத்தாச் சொல்லுன்னேன். சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. அப்புறம் அழுதா."

நீயா? ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" என்று சொல்லாமல் பாதி நாள் வராதவள் கணக்கில் இருந்தவளா? நான் நம்பவில்லை. கடையில் வேறு யாரையாவது பேச வைத்திருப்பாய் என்று நினைத்தேன். அப்போதும் கோபம்தான் வந்தது. என் வேலை போகப்போகிறதே என்ற ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

டாக்டர் தன் பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். உன் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். நிறம் வேறு. அளவு வேறு. மேலே பெரிய எழுத்தில் இருந்த பேரும் வேறு.

"உள்ள இருக்கிற மருந்து ரெண்டுலயும் ஒண்ணுதான்" என்றார். "தொண்டைக்கு இதைத்தான் எடுத்துட்டு வந்தேன். ரெண்டாவது தடவை இவ உடம்பு அவ்வளவு பொறுமையா இருந்திருக்காது."

நாள் முழுக்க ஜோடி பார்க்கிறவள் நான். ஒரு நூல் நிறம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்த ஜோடி எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகும், பொடி எழுத்தில் கீழே இருந்த பேரை இரண்டு அட்டையிலும் விரல் வைத்துப் படித்த பிறகுதான் தெரிந்தது. சுருட்டையும் எட்டிப் பார்த்தாள். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

வேறு வகை மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த மருந்து அவளுக்கு ஆகாது என்று ஒரு சீட்டும் எழுதி, எங்கே போனாலும் பர்ஸில் வைத்திருக்கச் சொன்னார்.

என்னை வெளியே அனுப்பவில்லை. வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். இன்னொரு தடவை என்றால் பெட்டிதான். சுருட்டை நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவளைப் பொய் சொல்ல வைத்தது நான்தானே. இன்று காலை வேலைமேசையில் ஒற்றைக் காலுறையை என் மூஞ்சியில் எறிந்து, "ஜோடியைத் தேடிக் குடு, மாத்திரைக்காரி" என்றாள். அப்பாடா என்று இருந்தது.

மதியம்தான் உன் செவ்வாய்க்கிழமைக் கடிதம் என் கைக்கு வந்தது. "விழுங்காதே" என்று நீ எழுதியதை எல்லாம் முடிந்த பிறகு படிக்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் நம்பியிருந்தால் சுருட்டை என்ன ஆகியிருப்பாள்? அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதும் இப்போதுதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மூன்று தடவை மணி அடித்து அடித்து நின்றதே, அதுவும் உன் தங்கைதானா என்று வார்டன் கேட்டார். ஆமாம் என்றேன். "நாலாவது தடவை பண்ணாளே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாளைக்கு ஞாயிறு. போன் கையில் வரும். அப்பாவிடம் கொடுக்காதே. நீ பேசு.

அக்கா


ஜூன் 18, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் பேசியது நான்கு வார்த்தை. அதற்கே நீ அழுதாய். இனிமேல் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எலும்பு வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவரிடம் என் தவறைச் சொல்லிவிட்டேன். ஊசி மருந்து பாட்டிலில் பாதி இறங்கும்வரை வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ கேக்கலை, சரி. இவ்வளவு பெரிய ஆளு நான், அந்த உறையை ஒரு தடவை திருப்பிப் பாத்தேனா?" என்றார். அதற்கப்புறம் வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டில் போட வேறு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் அதே கடைக்குத்தான் போனேன். வேறு கடைக்குப் போகலாம் என்று கால் திரும்பியது, திருப்பி இழுத்துக்கொண்டு போனேன். அதே கூட்டம். கடைக்காரர் அட்டையை உறையில் போட்டு, "பன்னெண்டு மணிக்கொண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

நான் நகரவில்லை. ஏதோ சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

"என்னம்மா?"

"மணிக்கா, மணி நேரத்துக்கா?"

அவருக்குப் புரியவில்லை. பின்னால் யாரோ, நகரும்மா, நேரமாகிறது என்றார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. போன தடவை எட்டு மணிக்கொண்ணு என்று நீங்கள் சொன்னீர்கள், காலை எட்டு மணிக்கு ஒன்று கொடுத்தேன், அப்பா கால் போகவிருந்தது என்று சொன்னேன். எல்லோருக்கும் கேட்டது. அவர் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"மணி நேரத்துக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது. காலையில் ஆறு, சாயங்காலம் ஆறு, சாப்பிட்டதும், ஏழு நாள், ஒன்றும் மீதி வைக்கக் கூடாது என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். உறை மேல் எழுத்தால் எழுதிக் கொடுத்தார். படித்துக் காட்டினேன். சரி என்றார்.

நான் திரும்பும்போது, என் பின்னால் நின்ற பெரியவர் நகரவே இல்லை. நீலத் தொப்பி, காவலாளிச் சட்டை. சட்டைப் பையிலிருந்து மடித்த மருந்து உறை ஒன்றை மெதுவாக எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்கு ஆறு மணிக்கொண்ணுன்னு சொன்னீங்க தம்பி" என்றார். "டூட்டிக்குக் கிளம்புறப்ப, சாயந்திரம் ஆறு மணிக்கு ஒண்ணு போட்டுட்டு வரேன்."

எத்தனை நாளாக என்று கடைக்காரர் கேட்டார். பெரியவர் நான்கு விரலைக் காட்டினார்.

அந்தப் பெரியவருக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண், தன் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

வாயாடி